சிலிண்டர் இல்லாமல் வந்தவர்

1

செங்கல்பட்டு மாவட்டத்துப் பெருமக்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சிலிண்டர் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை. உங்கள் வீட்டுச் சிலிண்டருக்குள் எவனாவது தண்ணீர் நிரப்பியிருந்தால் அதை என்னால் எடுத்துத் தர முடியாது. லீவில் வந்திருந்தபோது கொக்கிலமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றீர்களே, அப்போதும் இதைத்தான் தொண்டை கிழியச் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் மல்லிகா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேட்டில் மீன் விற்கும் பட்டம்மாளின் மகள். இப்போது குடியிருப்பது கனடாவில், ஆல்பர்ட்டாவில், ஒரு எரிவாயு ஆலைக்குப் பக்கத்தில். இன்று நான் இந்த ஊரில் வந்து இறங்கிய தேதி. வருஷாவருஷம் இந்தத் தேதியில் நானும் என் மகனும் ஒரு கேக் வாங்கி வெட்டுவோம். இந்த வருஷம் கேக் சுத்தமாக மறந்துபோனது. எழுந்ததிலிருந்து மண்டைக்குள் ஒரே ஒரு விஷயம்தான்: இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வருகிறாரா இல்லையா என்று வேலாயுதம் இன்றைக்குத்தான் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் எழுந்து ஓடத் தோன்றுகிறது என்றெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

விடிவதற்குள் ஷிப்டுக்குக் கிளம்பவேண்டும். மகன் அகிலன், பதினாறு வயது, அதிசயமாக அந்த நேரத்தில் எழுந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றான்.

"அம்மா, அவன் மெசேஜ் பண்ணானா?"

"அவன் இல்லடா, அவர்."

"ஓகே. அவர் மெசேஜ் பண்ணானா?"

இங்கே வளரும் பிள்ளைகளின் தமிழில் மரியாதை பாதி வழியில் நின்றுவிடும். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன். அவன் பால் குடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான்: "எப்படியும் ரெண்டு வருஷத்துல நான் வேற ஊருக்குப் படிக்கப் போயிடுவேன். நீ தனியா இருக்கவேண்டாம்னுதான் கேட்டேன்." அன்பாகத்தான் சொன்னான். எனக்குத்தான் ஜாக்கெட்டின் ஜிப்பைப் போடக் கை வரவில்லை.

2

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போகாதவர்கள் வாழ்க்கையில் வெகு சிலர். நீங்களாவது இருங்கள்.

பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயு ஈரமாக வரும். அப்படியே குழாயில் அனுப்பினால் இந்தக் குளிரில் அந்த ஈரம் கட்டியாக உறைந்து குழாயையே அடைத்துவிடும். அதனால் உயரமான ஒரு கோபுரத்துக்குள் வாயுவைக் கீழிருந்து மேலே விடுவோம். உச்சியிலிருந்து கிளைக்கால் என்கிற திரவத்தை இறக்குவோம். விளக்கெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். ஈரத்தைக் கண்டால் விடவே விடாது, இழுத்து வைத்துக்கொள்ளும். வாயு காய்ந்து மேலே போகும், கிளைக்கால் நனைந்து கீழே வரும். நனைந்த கிளைக்காலை அடுப்பில் காய்ச்சினால் தண்ணீர் மட்டும் ஆவியாகப் போய்விடும். தேறி வந்த கிளைக்கால் திரும்பவும் உச்சிக்குப் போகும். அடுப்பு இருநூறு டிகிரியை ஒட்டி நிற்கவேண்டும். இறங்கினால் தண்ணீர் போகாது, ரொம்ப ஏறினால் கிளைக்காலே கருகிக் கெட்டுவிடும். அந்த அடுப்பையும் கோபுரத்தையும் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

இதை ஃபோனில் அம்மாவிடம் ஒருமுறை விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப ஒரே எண்ணெய திரும்பத் திரும்பக் காச்சற. பீச்சாண்ட பஜ்ஜி போடறவன் மாதிரி."

"ஐயோ, அப்படி இல்லம்மா."

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலடி. ஆனா வெளிய யார்கிட்டயும் சொல்லாத, அசிங்கம்."

யோசித்துப் பார்த்தால் எங்கள் குடும்பத்துக்கே தண்ணீர் எடுப்பதுதான் தொழில். அம்மா மீனில் எடுத்தாள், கருவாடு ஆயிற்று. டிப்ளமா முடித்ததும் நான் படாளத்துப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றில் எடுத்தேன். இப்போது வாயுவில் எடுக்கிறேன். இந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை என்று ஆக்கிவிட்டது பாஸ்போர்ட். அதில் கடைசிப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் ஏறிவிட்டதால் ஆலையில் கொடுத்த ஜாக்கெட்டில் கொட்டை எழுத்தில் "ஏகாம்பரம்" என்றுதான் தைத்திருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பிரையன் என்னை "ஏகா" என்றுதான் கூப்பிடுவான். கட்டுமரத்தில் வெற்றுடம்போடு போய்வந்த எங்கள் நைனா, பனிக்கோட்டில் ஏறி மைனஸ் முப்பதில் வேலைக்குப் போகிறார். நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

3

வேலாயுதத்தைக் கண்டுபிடித்தது அம்மா. கல்பாக்கத்துப் பக்கம், அணுசக்தி ஊழியர் குடியிருப்பான நகரியத்தில் அவள் மீன் கூடை இறக்கும் தெருவில் அவர் குடியிருக்கிறார். ஊர் விருதுநகர் பக்கம். அணு ஆராய்ச்சியில் வேலை.

"ஒரு ஆளு கீறாருடி," என்று ஃபோனில் ஆரம்பித்தாள். "பொண்டாட்டி தவறிப்போயி வருசக்கணக்காவுது. புள்ள குட்டி இல்ல. தானே ஆக்கித் துன்னுகினு கீறாரு."

"நல்லவர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்டதான் மீன் வாங்கறாரு. செவுளத் தூக்கிப் பாக்காம வாங்கமாட்டாரு. ஆனா வெலையில அடிச்சுப் பேசமாட்டாரு. மீனு நல்லா இல்லன்னா மூஞ்சிக்கி நேரா சொல்லிட்டுப் போய்கினே இருப்பாரு. ஒரு ஆம்பளைக்கு வேற இன்னா வோணும்?"

என்னை முன்பு கட்டி விலகியவரை மாப்பிள்ளையாகப் பார்க்கும்போது இவ்வளவு கூட யாரும் விசாரிக்கவில்லை.

லீவில் போய் இறங்கிய மறுநாள். அந்த மாப்பிள்ளை மாலையில் வருவார் என்று பேச்சு. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் சிலிண்டர்! ஒன்றிரண்டல்ல, வரிசை. அம்மா மீன் மார்க்கெட் முழுக்க "எம் பொண்ணு கேஸ்லேர்ந்து தண்ணி எடுக்கறா, அதுக்குத்தான் கனடாவுல டப்பு குடுக்கறான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். சிலிண்டரில் தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள சந்தேகம். விடுவார்களா?

"தோ ஆட்டிப் பாரு மல்லி, களக் களக்குன்னுது," என்றாள் முதல் ஆளாக நின்ற அலமேலு அக்கா.

"அது தண்ணி இல்லக்கா. கேஸையே அழுத்தி அடைச்சா உள்ள தண்ணியாட்டம்தான் இருக்கும். திறந்தாத்தான் காத்தா வரும்."

"இன்னாமே கதை வுடற. சொந்தக்காரங்களுக்கு மட்டும் பண்ணித் தருவியா?"

சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். கடைசியில், வந்ததற்கு ஏதாவது செய்வோம் என்று ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை கலக்கி, ரெகுலேட்டர் மாட்டும் இடத்தில் தடவிக் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். நைட்டி, தோளில் ஒரு துண்டு, முழங்கை வரை நுரை. நல்ல வெயில் வேறு.

வரிசையின் கடைசியில் ஒருத்தர் கையை வீசிக்கொண்டு நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாதி நரைத்த தலை. முன்னால் நின்ற ஒரு பெண்ணின் சிலிண்டரை அவரே தூக்கி நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது.

"சார், உங்க சிலிண்டர் எங்க?"

"நான் சிலிண்டர் கொண்டுட்டு வரலீங்க," என்றார். "பொண்ணு பாக்க வந்திருக்கேன்."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் ஆபீஸில் அவசர வேலை என்று காலையிலேயே வந்துவிட்டாராம். வந்தவர் கூட்டத்தைப் பார்த்ததும் வரிசையில் நின்றிருக்கிறார். வரிசையைக் கண்டால் கடைசியில் போய் நின்றுகொள்ளும் ஜாதி. எனக்கு அந்த நுரைக்கிண்ணத்துக்குள்ளேயே முங்கிவிடலாமா என்று இருந்தது.

நாகரிகம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? கலைந்து போவார்கள். எங்கள் ஜனம் ஒன்றும் அசையவில்லை. சிலிண்டர்களைப் படுக்க வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு பெண் பார்க்கும் வைபவத்தைப் பார்க்கத் தயாரானார்கள். அம்மா காப்பி போட உள்ளே ஓடினாள். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அடுப்பு எரியலடி. நம்ம வூட்ல கேஸ் தீந்துபோச்சு!"

அதற்கப்புறம் நடந்ததை நான் என்னவென்று எழுதுவது? "என்துதை எடுத்துக்கோ", "என்துல தண்ணி கம்மி" என்று நாலு பேர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் முண்டியடித்தார்கள். அலமேலு அக்காவின் சிலிண்டர் ஜெயித்தது. காப்பி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அடுப்பு ஜோராக எரிந்தது.

அவர் காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். பிறகு கேட்டார்: "கேஸ்லேருந்து தண்ணி எடுக்குறீங்கன்னு அம்மா சொன்னாங்க. உங்க கிளைக்கால் காய்ச்சி முடிச்சு கோபுரத்துக்குத் திரும்பும்போது எவ்வளவு சுத்தமா இருக்கும்?"

நான் அவரையே பார்த்தேன். இந்தக் கேள்வியை என் வாழ்க்கையில் எந்த ஆணும் கேட்டதில்லை. கட்டியவர் கேட்டதில்லை, பெற்றவர் கேட்டதில்லை.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது வரைக்கும் கொண்டு வந்துடலாம்," என்றேன்.

"பரவால்லியே," என்றார். "நாங்க சோடியம் வச்சு வேலை செய்றோம். அதுல ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் நெருப்பு. ஈரம் இருக்கா இருக்கான்னு பாக்குறதுலயே பாதி நாள் போயிரும்."

"மழ பெஞ்சா இன்னா சார் பண்ணுவீங்க?" என்று சிலிண்டர் மேலிருந்து அலமேலு அக்கா கேட்டாள்.

"குடை எடுத்துக்குவேன்மா," என்றார்.

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அதிகம் சிரித்தது நான்தான்.

4

லீவு முடிவதற்குள் நாலைந்து முறை பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் செங்கல்பட்டு கோர்ட்டில் என் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வாங்கப் போனபோது கூடவே வந்தார். கனடாவில் எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் திருமணமானவரா, பிரிந்தவரா, விவாகரத்தானவரா, துணையை இழந்தவரா என்று ஒரு பெட்டி வரிசை இருக்கும். விவாகரத்தானவர் என்று குறி போட்டால் அதற்குச் சான்று கேட்பார்கள். வெயிலில் நின்று நகலை வாங்கிய கையோடு இரண்டு பேரும் ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்தோம். விவாகரத்துப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சந்தோஷமாக இருப்பது முறையா என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு தப்பில்ல," என்றார்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் அந்தப் பேச்சு வந்தது.

"நாம ரெண்டு பேரும் ஒருவாட்டி கொதிச்சு வந்தவங்கதானே," என்றார். "உங்க கிளைக்கால் மாதிரி."

"அப்ப மறுபடி உச்சிக்குப் போகவேண்டியதுதான்," என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் அங்க வரணும்னு நினைக்கிறீங்களா?" என்றார்.

என்னைக் கட்டியவர் ஒரு நாள், வேலையா நானா என்று கேட்டார். அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொரு மனிதரிடம் கேட்கமாட்டேன். அவருக்கோ இன்னும் பல வருஷ சர்வீஸ் இருக்கிறது. எனக்கோ அகிலன் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை நகர முடியாது. அதையும் சொன்னேன். வருஷக்கணக்கில் ஃபோனிலேயே குடும்பம் நடத்தும் தெம்பு எனக்கில்லை என்பதையும் சொன்னேன்.

"வாங்கன்னும் சொல்லமாட்டேன், வரவேணாம்னும் சொல்லமாட்டேன். உங்க வேலை உங்களுது. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. அதோட விட்டுடலாம். நான் உங்களைத் தப்பா நினைக்கமாட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார். "அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை."

தேதி போட்டுப் பதில் சொல்லும் ஆளை என்னவென்று சொல்ல! விமானத்தில் ஏறியதிலிருந்து நான் நாள் எண்ணினேன்.

5

ஆலைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்தது. அதனால் வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவேண்டும். இன்று பூட்டும்போது இந்தியாவில் மாலை. ஃபோனில் ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை பார்க்க வழியில்லை.

"ஏகா, நீ பாடிக்கிட்டு இருக்க," என்றான் பிரையன்.

"இல்லையே."

"அரை மணி நேரமா பாடுற. உடம்பு சரியில்லையா?"

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் அடுப்பின் சூடு சரசரவென்று இறங்கியது. வெளியே ஓடினேன். சுடர் நின்றுபோயிருந்தது. வயர்லெஸ் ரேடியோவை எடுத்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அடுப்பு அணைஞ்சிடுச்சு! அடுப்பு அணைஞ்சிடுச்சு!"

பிரையனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் ஓடி வந்துவிட்டான். நான் தமிழில் கத்தினால் பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியும்.

எரிபொருள் வரும் சின்னக் குழாயில் ஒரு துளி தண்ணீர் தங்கி உறைந்து அடைத்திருந்தது. தண்ணீர் எடுக்கிற இடத்திலேயே தண்ணீர் காலை வாரிவிட்டது! அடுப்பு அணைந்தால் கிளைக்கால் காயாது. காயாத கிளைக்கால் ஈரத்தை இழுக்காது. வாயுவில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் எண் மெல்ல ஏற ஆரம்பித்துவிட்டது. எல்லையைத் தொட்டால் குழாயை மூடிவிடுவார்கள், ஆலை நிற்கும், பிறகு இன்றைக்கு நான் அந்தப் பெட்டிப் பக்கமே போகமுடியாது.

"இன்னிக்குத்தான் உனக்கு நேரம் கிடைச்சுதா? இன்னிக்குத்தானா?" என்று அந்தக் குழாயைத் திட்டிக்கொண்டே நீராவிக் குழலைப் பிடித்து அடைப்பைக் கரைத்தேன். உள்ளே தேங்கியிருந்த வாயு வெளியேறும் வரை காத்திருந்து, முறைப்படி சரிபார்த்து, மறுபடி பற்றவைத்தோம். குப்பென்று நீலமாகப் பிடித்துக்கொண்டது. ஈர எண் எல்லைக்குப் பக்கத்தில் போய்த் தயங்கி நின்று, பிறகு மனசில்லாமல் இறங்கியது. நான் பிரையனைக் கட்டிப்பிடித்தேன். அவன் பயந்துவிட்டான்.

"ஏகா, அது வெறும் அடுப்பு," என்றான்.

6

பெட்டியைத் திறந்தபோது சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. அம்மாவிடமிருந்து எத்தனையோ தவறிய அழைப்புகள். ஒரு குரல் செய்தி.

"ஏ மல்லி! இன்னாடி போன எடுக்கமாட்டற! அவரு வூட்டுக்கு வந்துகீறாரு. மொதல்ல உன்கிட்டதான் சொல்வேன்னு ஒக்காந்துகினு கீறாரு. எவ்ளோ கேட்டும் என்கிட்ட சொல்லமாட்டன்றாரு. மொகத்தப் பாத்தாலும் ஒண்ணும் தெர்ல. ஒரே பேஜாரா கீது. சீக்கிரம் கூப்டு!"

அதற்குக் கீழே அவருடைய செய்தி. அழுத்தினேன்.

"மல்லிகா, நீங்க டூட்டில இருப்பீங்க. அதான் இதுல பேசுறேன். நான் வேலைய விடல." இங்கே ஒரு இருமல். பாவி மனுஷன், இருமுவதற்கு வேறு இடமில்லையா? "வேலைய விடல. லீவு போட்டிருக்கேன். இத்தனை வருஷத்துல நான் லீவே எடுத்ததில்ல, எல்லாம் சேர்ந்து கெடக்கு. பத்தலன்னா சம்பளமில்லாத லீவும் கேட்டிருக்கேன். வெளிநாடு போறதுக்குப் பர்மிஷனும் எழுதிப் போட்டாச்சு. அகிலன் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் இழுத்துப் பிடிச்சு அங்க இருந்துருவேன். அதுக்கப்புறம் எங்க இருக்கிறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கலாம். காரணம்னு போட்ட எடத்துல கல்யாணம்னு எழுதினேன். செக்‌ஷன்ல இருக்கிற பையன் படிச்சுப் பாத்துட்டு, யாருக்கு சார் கல்யாணம்னு கேட்டான். எனக்குன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல. எல்லாரும் எந்திரிச்சுப் பாத்தாங்க. வெள்ளிக்கிழமையே குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு சொல்லியிருந்தேன்ல, அதான் இன்னைக்குச் சொல்றேன்."

அவ்வளவுதான். நான் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அகிலன் பிறந்த அன்றைக்குக்கூட எனக்காக யாரும் அரை நாள் லீவு போட்டதில்லை. இந்த மனிதர் சேர்த்து வைத்த அத்தனையையும் எடுத்துக் கொட்டியிருக்கிறார்.

பிரையன் எட்டிப் பார்த்தான். "நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்றான். கையை ஆட்டி அவனைப் போகச் சொன்னேன்.

பதில் பேசப் பொத்தானை அழுத்தினேன். அவரிடம் எப்போதும் நான் அடக்கமாகத்தான் பேசுவேன். நகரியத்து மனிதர், ஆராய்ச்சி ஆள், அவருக்கு முன்னால் கொக்கிலமேடு வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. ரொம்ப சந்தோஷம், நன்றி, மாலையில் விவரமாகப் பேசலாம் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் மீன் மார்க்கெட்டே வந்து நின்றது.

"யோவ்! வெள்ளிக்கிழமையே குடுத்துட்டு இன்னிக்கா சொல்ற? ரெண்டு நாளா நான் துன்னல, தூங்கல, தெரியுமாய்யா உனக்கு? இன்னாய்யா ஆளு நீ? சீக்கிரம் வாய்யா. சீக்கிரம் வா."